மறுபக்கம் ஓர் அரிசி ஆழம்

இருபத்தெட்டு வருடமாகக் கல்லில் துளை போடுகிறவளுக்குத் தான் போட்ட துளை தெரியாதா? அருங்காட்சியகத்தின் மேல்மாடி அறையில் ஒரு சிவப்பு மணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தவளுக்கு, தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது.

கல் சூதுபவளம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பதை ஒளிக்கத் தெரியாத கல். முதுகு உருண்டு வயிறு தட்டையாக, ஒரு விரல் கணு நீளத்துக்கு இருந்தது மணி. லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, வயிறு கீழே இருக்கும்படி திருப்பி, மறுபடி பார்த்தாள். ஒரு முனையிலிருந்து துளை நேராக, நீளமாக ஓடியது. மறுமுனையிலிருந்து வந்த துளை ஓர் அரிசி ஆழம்தான் இருந்தது. அதுவும் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்னப் படி.

அதைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதே படி, அதே சாய்வு. அடுத்ததிலும் அப்படியே. ஏழாவது மணியையும் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள்.

"என்னம்மா, நூல் எந்த அளவுல வேணும்?" என்றார் அருங்காட்சியக அதிகாரி. எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். அந்த மணிகளை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவரே அவர்தான். பழைய நூல் மக்கிப் போனதால் நாற்பத்தொரு மணிகளையும் புது நூலில் கோத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். துளையின் அளவு பார்த்து நூல் சொல்லத்தான் அவளை வரவழைத்திருந்தார்.

"மேடம், இது எத்தனை வருஷத்து மணின்னு சொன்னீங்க?"

"ரெண்டாயிரம். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"இல்ல மேடம். இது நான் போட்ட தொளை."

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த காப்பறைக்காரர் சிரித்தார். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் இறங்கிப் போய்விட்டது.

நாற்பத்தொரு மணிகளும் இருந்த அலமாரியின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அந்தக் கட்டடத்திலேயே அந்தச் சாவி வேறு யாரிடமும் கிடையாது. அவளை மேடத்திடம் சிபாரிசு செய்து, ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அவளுடைய சம்பந்தி. ஒரே மகளை அவருடைய மகனுக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

தான் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. உண்மை மணி போய் அந்த இடத்தில் போலி மணி வந்திருக்கிறது என்றால், சாவி வைத்திருக்கிறவன் எடுத்தான் என்றுதானே ஊர் சொல்லும்? வாயை மூடிக்கொண்டாள். ஆனால் வெளியே வந்த வார்த்தை அறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

இடக்கைக்காரி என்பதால் தொழிற்கூடத்தில் அவளுக்குப் பெயர் நொட்டாங்கை அக்கா. வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான கூடம் அது. வாசல் பக்கம் அவள் கணவர் உட்கார்ந்திருப்பார். தரையில் நட்ட இரும்பு முளைமேல் கல்லைச் சாய்த்து, கொம்புத் தலை வைத்த சுத்தியால் தட்டித் தட்டிச் சில்லு பெயர்ப்பார். அவர் உருவம் கொடுத்த கல் அரைக்கிறவரிடம் போகும். அங்கிருந்து தோல் பையில் உருண்டு மெருகேறும். கடைசியில் பின்பக்க ஜன்னலோரம் துளை போடுகிறவர்களிடம் வரும்.

கல்யாணமாகி அந்தக் குடும்பத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. துளைக்காரர் ஒருவர் வேலையை விட்டுப் போக, அவருடைய பலகை காலியாகக் கிடந்தது. சொல்லிக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்துப் பலகையைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே மணியை இறுக்கும் கிட்டி, நுனியில் கடுகளவுகூட இல்லாத இரண்டு வைரச் சில்லுகள் பதித்த இரும்பு ஊசி, அதைச் சுழற்ற ஒரு வில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எல்லாமே வலக்கைக்காரனுக்கென்று அமைத்தவை. முதல் வாரம் பதினொரு மணி உடைத்தாள். எட்டாம் நாள் காலையில், யாரையும் கேட்காமல் பலகையைத் தூக்கி நேர் எதிராகத் திருப்பிப் போட்டாள்.

"வந்ததும் வராததுமா பலகையத் திருப்பிட்டா. அடுத்தது புருஷனத்தான் திருப்பப் போறா," என்றார் அரைக்கிறவர்.

"அவரு ஏற்கனவே நான் சொன்ன பக்கம்தான் பாத்துக்கிட்டிருக்காரு," என்றாள். அன்றைக்குக் கூடம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு மணி உடைவது நின்றது.

எல்லாத் துளைக்காரர்களும் இந்தப் பக்கமிருந்து பாதி, கிட்டியில் மணியைத் திருப்பி அந்தப் பக்கமிருந்து பாதி என்றுதான் துளைப்பார்கள். இரண்டு துளையும் நூல் பிடித்தாற்போலச் சந்திக்காது. நடுவில் ஒரு படி விழும். அந்தப் படியில் உரசி உரசி நூல் அறும். ஒரே பக்கமாகத் துளைத்துக்கொண்டே போனால் ஊசி வெளியேறுகிற வாய் சிதறிவிடும். அவள் இரண்டும் வேண்டாமென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பக்கமிருந்தே முக்காலுக்கு மேல் போய், ஓர் அரிசி அளவு மிச்சம் இருக்கையில் நிறுத்தி, மணியைத் திருப்பி, அந்த அரிசியளவை மட்டும் எதிரே இருந்து துளைப்பது. படி வாய்க்குப் பக்கத்திலேயே விழும். ஊசியை விட்டுத் தடவி மழுக்கிவிடலாம். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைக் கை சொல்ல வேண்டும். கொஞ்சம் தாண்டினால் வாய் போச்சு. மெதுவான வேலை, பயமான வேலை; கூடத்தில் வேறு யாரும் அதைத் தொடவில்லை.

திருப்பின பிறகு ஊசி லேசாக இடப்பக்கம் சாயும். வில் இடக்கையில் இருப்பதால் வருகிற சாய்வு. இரண்டு வருடம் அதைத் திருத்தப் பார்த்துவிட்டு, போய்த் தொலை என்று விட்டுவிட்டாள். "என் தொளை ஓரவஞ்சனை பண்ணும். ஆனா நூலை அறுக்காது," என்பாள். பெருமை அடித்துக்கொள்கிற ஆள் இல்லை. இருந்தாலும் அந்த அரிசியளவு தன்னுடையது, தன் ஒருத்தியுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரி வந்தான். வயிறு தட்டையான மணிதான் வேண்டும், மெருகு ஏற்றக் கூடாது, மங்கலாகவே இருக்கட்டும் என்று வரைபடத்தைக் காட்டி முந்நூறு மணி கேட்டான். எதற்கென்று கேட்டதற்கு, "பழசு மாதிரி இருந்தாத்தான் சில பேருக்குப் பிடிக்குது அக்கா," என்று பல்லைக் காட்டினான். போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவேயில்லை. வாயில் அகப்பட்ட கல் மாதிரி அது அவளுக்குள் நறநறத்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான், மங்கலான தட்டை வயிற்று மணியில் தன் துளையைக் கண்டதும், அவன் விற்ற இடம் இதுதானா என்று அதிர்ந்துபோய் வாய்விட்டுவிட்டாள்.

மேடம் அவளிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையேதான் சொன்னாள். பிறகு தொழிற்கூடத்திலிருந்து அவள் போட்ட மணி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பல் மருத்துவர்கள் அச்செடுக்கிற பசையை இரண்டு துளைகளிலும் நிரப்பி, இறுகியதும் உருவி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே படி, அதே சாய்வு. மேடம் தொலைபேசியை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை காப்பறைக்காரர் வேலைக்கு வர வேண்டாம் என்று தாள் நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி, சாவிகளை ஒவ்வொன்றாகத் தானே எண்ணி மேசைமேல் வைத்தார். பதினான்கு. அவள் பக்கம் திரும்பவில்லை. கதவருகில் போகும்போது மட்டும் நின்றார்.

"சம்பந்தியம்மா, பாத்து எறங்குங்க. மூணாவது படி ஒடஞ்சிருக்கு."

திட்டியிருந்தால் தேவலை. அவள் மூன்றாவது படியில் கால் வைத்தபோது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். சுத்தியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ சொன்னது சரிதானா?"

"கண்ணால பாத்தேன்."

"அப்ப சரி."

அவர் கல்லை முளைமேல் வைத்துத் தட்டினார். அது நெடுக்கே பிளந்து நாலாகத் தெறித்தது. கல் எப்படி உடையும் என்று அவருக்குத் தெரியாமல் ஒரு கல் உடைந்து அவள் பார்த்ததே இல்லை. இருவரும் அந்த நாலு துண்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாடி."

"வர்றதுக்கு வரல. கேட்டுட்டுப் போறதுக்கு வந்தேன். மாமாவப் பத்தி உனக்குத் தெரியாதா? கூடப்பொறந்தவர் மாதிரி உன்னக் கூட்டிட்டுப் போனாரே அம்மா. அந்த ஒரு வார்த்தைய நீ முழுங்கியிருக்கக் கூடாதா?"

"கண்ணு பாத்தத வாய் எப்படிடி முழுங்கும்? அவரு எடுத்தாருன்னு நான் சொல்லவே இல்லையே!"

"நீ வேற சொல்லணுமா? தெருவுல பால் ஊத்துறவன்கூட அத்தைகிட்ட 'பெரியவர் வீட்லயா இருக்காரு'ன்னு இழுக்கிறான். மாமா மூணு நாளா வாசப்பக்கம் தலை காட்டல. உன் மருமகன் என்கிட்டப் பேசுறதே இல்ல. சோறு வேணுமான்னா தலைய ஆட்டுறாரு, அவ்வளவுதான்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோபத்தோடேயே, ஆனால் வேறு குரலில் கேட்டாள். கல்யாணத்துக்கு முன் ஏழு வருடம் அதே கூடத்தில் மணி கோத்தவள் அவள். இது கோக்கிறவளின் குரல்.

"சரி, வாயப் பாத்தியா?"

"எந்த வாய?"

"தொளையோட வாயத்தான். நூல் தேச்ச தடம் இருந்துச்சா, இல்லையா? பழைய மாலைன்னா நூல் எந்தப் பக்கம் இழுத்துச்சோ அந்த ஓரம் பள்ளமாத் தேஞ்சிருக்கும். நீ அந்த ஆளுக்குப் போட்டுக் கொடுத்த மணிய யாரு, எத்தனை வருஷம் கழுத்துல போட்டிருக்கப் போறாங்க? பன்னெண்டு வருஷத்துல கல்லு தேயுமா?"

அவள் பார்க்கவில்லை. நாற்பத்தொரு மணியில் ஏழு மணியை எடுத்து, ஏழிலும் உள்ளே மட்டும்தான் பார்த்தாள். துளை போடுகிறவளுக்கு உள்ளே சந்திக்கிற இடம்தான் உலகம். வாய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது கோக்கிறவளின் வேலை. ஆனால் விரல் சொன்னதை இப்போது நினைத்துப் பார்த்தாள். நகம் ஏதோ ஒரு வழவழப்பில் இறங்கி ஏறியது போல இருந்தது. இருந்ததா, இல்லை இப்போது தோன்றுகிறதா?

"பாக்கல," என்றாள்.

"பாக்கலையா!" மகளுக்கு அடித்துப் போட்டது போல ஆயிற்று. "என்னய எத்தனை தடவை திட்டியிருப்ப? ஒரு மணி விடாமப் பாரு, ஒரு மணி விடாமப் பாருன்னு! நீ பாக்காமலேயா சொன்ன?"

மகள் போன பிறகும் அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றது. கணவர் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, "போய்ப் பேசிட்டு வா," என்றார்.

சம்பந்தி வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. வழியை விடாமல் நின்றார்.

"வாங்க. உங்க பொண்ண எடுத்தோம். கூடவே எங்க வீட்டுக்கு ஒரு ஓட்டையும் சேத்து அனுப்பி வச்சிருக்கீங்க. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"அண்ணி, அண்ணனப் பாக்கணும்."

"எதுக்கு? இன்னும் எங்கயாவது தொளை போடணுமா?"

"அவங்கள உள்ள விடு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் ஒரு பழைய குடையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பியெல்லாம் தரையில் வரிசையாகக் கிடந்தது. முப்பது வருடம் வேலைக்குப் போனவருக்குப் பகல் பொழுதை என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே, நான் வாயப் பாக்காமச் சொல்லிட்டேன்," என்றாள் நின்றபடியே. நூல் தேய்த்த தடத்தைப் பற்றி மகள் கேட்டதைச் சொன்னாள். "மறுபடி பாக்கணும். ஆனா இனிமே நான் தடம் இருக்குன்னு சொன்னாலும், சம்பந்திக்காக மாத்திச் சொல்றான்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க," என்றார். ஒரு கம்பியை எடுத்து வெளிச்சத்தில் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். "மேடம் ரூம்ல ஒரு மண்கட்டி இருக்கு, தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது.

மணிகள் கிடைத்தது ஒரு பானைக்குள். பானையின் அடியில் மண் கல்லாக இறுகிக் கிடந்ததாம். அதை உடைத்தால் உள்ளே இருப்பதும் உடையும் என்று, அப்படியே பெயர்த்தெடுத்து, சுண்ணப்பூச்சுத் துணி சுற்றி, குழியின் கரையிலேயே மேடமும் இன்னும் நாலு பேரும் அதன்மேல் கையெழுத்துப் போட்டார்கள். எலும்பு முறிவுக்குப் படம் எடுக்கிற இயந்திரத்தில் வைத்துப் பார்த்ததில் உள்ளே இரண்டு மணி தெரிந்தது. பிரிக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. நாலு வருடமாக மேடத்தின் அறையில், மேடத்தின் பெட்டியில் இருக்கிறது.

"அது என் சாவிக்குள்ள வந்ததே இல்ல. கையெழுத்து கலையாம இருக்கு. அதுக்குள்ள இருக்குற மணி சத்தியமாப் பழசு. அதப் பிரிச்சு, அந்தத் தொளை வேற மாதிரி இருந்தா..." என்று நிறுத்தினார்.

"இருந்தா?"

"அலமாரில இருந்தத யாரோ மாத்தியிருக்காங்க. சாவி என்கிட்டதான் இருந்துச்சு. அப்ப எனக்கே என்ன சொல்றதுன்னு தெரியாது."

"அண்ணே, வேற மாதிரிதான் இருக்கும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி என்னய மாதிரி யாரு துளைச்சிருக்கப் போறாங்க?"

"நான் எடுக்கல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அந்த மண்ண நீங்களே பிரிங்க சம்பந்தியம்மா. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் லேசாகச் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

மறுவாரம் ஒரு காலைப் பொழுதில், மேடம், மேலிடத்து ஆட்கள் இரண்டு பேர், காப்பறைக்காரர், மகள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். துணிமேல் இருந்த ஐந்து கையெழுத்துகளையும் மேடம் காட்டிவிட்டு, ஓரத்தை வெட்டி உரித்தார். உள்ளே ஒரு தேங்காய் அளவுக்குச் சாம்பல் நிற மண்கட்டி.

இரும்பு வேண்டாம் என்றாள். கூடத்திலிருந்து கொண்டுவந்த மூங்கில் குச்சிகளைச் சீவிக் கூராக்கினாள். துளைப் பலகையில் தண்ணீர் சொட்டுகிற குவளையை மண்கட்டிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். சொட்டு விழ விழ, ஊறின இடத்தை மட்டும் குச்சியால் நெருடி எடுத்தாள். ஊறாத இடத்தைத் தொடவில்லை. மேலிடத்து ஆள் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்; பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்; பிறகு தூங்கியே போனார். அவள் தலை நிமிரவில்லை.

மூன்று மணி நேரம் ஆனது. சாம்பலுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ஓரம் எட்டிப் பார்த்தது. இன்னும் அரை மணி. மணி கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. வயிறு தட்டை.

கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். துளைக்குள் இருந்த மண்ணை மெல்லிய நாரால் உருவினாள். லென்ஸை இடுக்கிக்கொண்டு, இந்தத் தடவை முதலில் வாயைப் பார்த்தாள். ஓரம் ஒரு பக்கமாக, நாக்கு நுனி போலப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. யாரோ ஒருத்தி வருடக்கணக்காக விடாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஜன்னலுக்குத் திரும்பி மணியைத் தூக்கிப் பிடித்தாள்.

நேராக, நீளமாக ஓடியது துளை. நின்றது. எதிரே இருந்து ஓர் அரிசி ஆழம். இடப்பக்கம் சாய்வு. ஒரு படி.

மகள் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். அம்மாவின் கை மணியைத் தூக்கியபடியே இருந்தது. தன் கையெழுத்தைத் தான் பிறக்காத காலத்துத் தாளில் பார்த்தவள் என்ன செய்வாள்? இருபத்தெட்டு வருடம் தன்னுடையது என்று நினைத்திருந்தது அவளுடையது இல்லை. அவள் கொள்ளுப்பாட்டனின் கொள்ளுப்பாட்டனும் மண்ணைத் தொடாத ஒரு காலத்தில், யாரோ ஒருவர் பலகையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

"என்னம்மா? சொல்லுங்க," என்றார் மேடம்.

"அதேதான் மேடம்."

"அதேன்னா?"

"அதே தொளை. அலமாரி மணியில இருக்குறது எதுவோ, அதேதான் இதுலயும். நான் போட்டது இல்ல. எதையுமே நான் போடல. அண்ணன்மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம்மேலதான். வாயப் பாக்காம வாய் விட்டுட்டேன்."

தூங்கின ஆள் விழித்துக்கொண்டு, "அப்ப யாருதான் போட்டது?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? அவங்களுக்கும் நொட்டாங்கை. அவ்வளவுதான் தெரியும்."

மேடம் அலமாரி மணிகளைத் தட்டோடு கொண்டுவந்தார். மகள் உட்கார்ந்து நாற்பத்தொன்றின் வாயையும் ஒவ்வொன்றாக, ஒரு மணி விடாமல் பார்த்தாள். எல்லாவற்றிலும் நூல் தடம் இருந்தது. அதே பசையில் புது அச்சும் எடுத்தார்கள். படியும் சாய்வும் ஒன்றாகவே இருந்தன.

முதலில் வாய் திறந்தவர் காப்பறைக்காரர்தான்.

"ரெண்டாயிரம் வருஷமா உங்க சொந்தக்காரங்க இங்க உள்ள இருந்திருக்காங்க. சொல்லவே இல்லையே சம்பந்தியம்மா. அப்ப எனக்கும் அவங்க ஏதோ முறைதான வேணும்?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மேடம் சாவி வளையத்தை எடுத்து நீட்டினார். அவர் வாங்கி, மேசையில் வைத்து, மறுபடி ஒவ்வொன்றாக எண்ணினார். பதினான்கும் சரியாக இருந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டு, "அந்த மூணாவது படிய யாரும் இன்னும் சரி பண்ணலையா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். படியருகே அவர் சுவரில் சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதை மகள் மட்டும்தான் பார்த்தாள்.

எல்லாரும் கலைந்த பிறகும் நொட்டாங்கை அக்கா எழுந்திருக்கவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்த மணியை இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள். தன் மணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஜன்னலில் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தாள். நேரமாகிக்கொண்டே போனது.

"என்னம்மா இன்னும்? அதான் தெரிஞ்சுபோச்சே," என்றாள் மகள்.

"இங்க பாருடி." லென்ஸை மகளிடம் கொடுத்தாள். "என்னோடது அரிசி ஆழம். இது அரிசியே இல்ல, நொய். அவ்வளவு பக்கத்துல வந்து நிறுத்தியிருக்கா. வாய் சிதறல. ஒரு பொடி சிதறல."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அவ என்னைவிட நல்லாப் போட்டிருக்காடி."

துளைத்தது 'அவள்' என்று எப்படித் தெரியும் என்று மகள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கூடத்தில் சம்பந்தி வீட்டு அண்ணி வந்து நின்றார். ஒரு டப்பாவில் ஏதோ பலகாரம். "ஓட்டைய அடைச்சாச்சுன்னு இவரு சொன்னாரு. அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். நொட்டாங்கை அக்கா எழுந்து அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஆனால் அவள் கவனம் முழுக்க அங்கே இல்லை. கிட்டியில் ஒரு மணி இறுகியிருந்தது. ஒரு நொய் அளவு மிச்சம் வைக்க முயன்று, காலையிலிருந்து ஐந்து மணிகளின் வாயைச் சிதறடித்திருந்தாள். கல்யாணமாகி வந்த வருடத்துக்குப் பிறகு அவள் பலகைக்குக் கீழே இத்தனை உடைசல் கிடந்ததில்லை.

அரைக்கிறவர் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, புதுசா வேலைக்குச் சேந்திருக்கீங்களா?" என்றார்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு, இடக்கையால் வில்லை எடுத்தாள்.